போதையை நிறுத்த எந்த வழி? வீடு, மருத்துவமனை, மறுவாழ்வு மையம், மருந்து: ஓர் ஒப்பீடு

வீட்டிலேயே வைத்து நிறுத்திவிடலாமா? மருத்துவமனையில் அட்மிட் செய்ய வேண்டுமா? மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் விட்டுவிடலாமா? மாத்திரை, ஊசி என்று ஏதோ சொல்கிறார்களே, அது போதுமா? போதைப் பழக்கத்தில் சிக்கியவரும் அவர் வீட்டாரும் கேட்பது சுற்றிச் சுற்றி இவைதான். பதிலுக்கு ஆளுக்கொரு யோசனை வரும். ஒருவர் "மனசு வெச்சா ஒரே நாள்ல விட்டுடலாம்" என்பார். இன்னொருவர் "என் அத்தை பையன் அங்கே போய்த்தான் திருந்தினான்" என்பார். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் அவர்கள் சொல்லும் ஆள் வேறு, அவர் எடுத்த பொருள் வேறு, வீட்டு நிலைமை வேறு.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே கேள்வியாகத் தெரிவதற்குள் இரண்டு முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. போதைப்பொருளை உடம்பிலிருந்து பாதுகாப்பாக இறக்குவது எங்கே, எப்படி என்பது முதல் முடிவு. நச்சு நீக்கம் என்கிறோமே, அது இதுதான். பெரும்பாலும் சில நாள் வேலை. இறக்கிய பிறகு அடுத்த ஒரு வருடத்தை எதைப் பிடித்துக்கொண்டு கடப்பது என்பது இரண்டாவது. கையில் உள்ள பணம், விடுப்பு, பொறுமை எல்லாவற்றையும் முதல் முடிவிலேயே கொட்டிவிட்டு, இரண்டாவதை "இனிமே அவனே பாத்துப்பான்" என்று விட்டுவிடும் வீடுகளே அதிகம். நான் தலைகீழாகச் சொல்வேன்: இரண்டாவதை முதலில் தீர்மானியுங்கள். அதற்கு ஏற்பாடு இல்லாமல் முதலாவதை மட்டும் செய்வது, சில பொருட்களில், எதுவுமே செய்யாமல் இருப்பதைவிட ஆபத்தாக முடியும்.

## பழக்கம் பிடித்துக்கொள்ளும் விதம்

1954ல் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எலிகளின் மூளையில் மெல்லிய மின்கம்பியைப் பதித்தார்கள். ஒரு நெம்புகோலை அழுத்தினால் அந்த இடத்துக்கு மின்தூண்டல் கிடைக்கும். எலிகள் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தன. 'இதை மறுபடி செய்' என்று பதியவைக்கும் பாதைகள் மூளையில் இருப்பது அப்போதிலிருந்து தெளிவாகத் தொடங்கியது. அந்தப் பாதையின் முக்கிய ரசாயனம் டோபமைன். பசிக்குக் கிடைக்கும் சாப்பாடும் அதைத் தூண்டும். ஹெராயின், கொக்கெயின், மது, நிகோடின் எல்லாம் வெவ்வேறு வாசல் வழியாக வந்து அதே பாதையை அளவுக்கு மீறித் தூண்டுகின்றன.

இதனால் நடப்பவற்றில் மூன்று, வழியைத் தேர்ந்தெடுக்கும்போது முக்கியம். முதலாவது, உடம்பு பழகிக்கொள்வது. மது மூளையை அமுக்கினால், அதற்கு ஈடுகொடுக்க மூளை தன் விசையைக் கூட்டிக்கொள்ளும். அதனால் பழைய அளவு போதாமல் போகும்; தாங்குதிறன் ஏறும். திடீரென நிறுத்தினால் கூட்டிய விசை மட்டும் மிஞ்சும். கைநடுக்கமும் வலிப்பும் அந்த மிச்சம்தான்; விலகல் அறிகுறி என்பது இதைத்தான். இரண்டாவது, இடமும் ஆளும் மூளையில் பதிந்துபோவது. சம்பள நாள், ஒரு குறிப்பிட்ட தெருமுனை, ஒரு நண்பனின் போன் என ஏதாவது ஒன்று போதும், மாதக்கணக்கில் தொடாதவருக்கும் வேட்கை எழும். அந்த நேரத்தில் அவர் போதையை ரசிக்கவேகூட மாட்டார். ஆனாலும் வேண்டும் என்றிருக்கும். மூன்றாவது, யோசித்து நிறுத்தும் வேலையைச் செய்யும் நெற்றிப்பக்க மூளையின் பிடி தளர்வது. நிறுத்தச் சொன்னால் நிறுத்த முடியாமல் போவதற்கு இதுவும் காரணம் என்பதால், 'மனசு வைத்தால் போதும்' என்ற அறிவுரை பாதி உண்மையோடு நின்றுவிடுகிறது.

ஒருவர் அடிமையாவதில் மரபணுவின் பங்கு ஏறத்தாழ பாதி. மீதி, தொடங்கிய வயது, மனக்காயம், சுற்றம், பொருள் எவ்வளவு எளிதாகக் கைக்குக் கிடைக்கிறது என்பவற்றில் இருக்கிறது. சுற்றத்தின் பலத்தைக் காட்ட ஒரு கதை உண்டு. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களில் ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயின் போன்ற பொருட்களுக்கு அடிமையாகியிருந்தார். 1971ல் நாடு திரும்பியவர்களை ஆய்வாளர் லீ ராபின்ஸ் தொடர்ந்து கவனித்தார். அப்படி அடிமையாகியிருந்தவர்களில், திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான். பழக்கத்தோடு பிணைந்திருந்த காடு, பயம், கூட்டாளிகள் எல்லாம் ஒரு கண்டத்துக்கு அப்பால் நின்றுவிட்டன. மறுவாழ்வு மையத்திலிருந்து வருபவருக்கு அப்படி வாய்ப்பதில்லை. அவர் அதே அறைக்கு, அதே தெருவுக்கு, அதே போன் நம்பருக்குத் திரும்புகிறார்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், எந்தப் பொருள் என்பது. மற்ற எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

| பொருள் | விலகல் அறிகுறி தொடங்குவது | கடுமையான கட்டம் | நிறுத்தும்போது உள்ள ஆபத்து |
|---|---|---|---|
| மது | 6 முதல் 24 மணி நேரம் | ஏறத்தாழ ஒரு வாரம் | உயிராபத்து உண்டு: வலிப்பு, சித்தப்பிரமை |
| பென்சோடயசிபைன் வகைத் தூக்க, பதற்ற மாத்திரைகள் | 1 முதல் 7 நாள், வகையைப் பொறுத்து | வாரங்கள், சிலருக்கு மாதங்கள் | உயிராபத்து உண்டு: வலிப்பு |
| ஹெராயின் | 8 முதல் 24 மணி நேரம் | 4 முதல் 10 நாள் | அறிகுறியால் சாவது அரிது. ஆபத்து அதற்குப் பிறகு |
| மெத்தடோன் போன்ற நீண்ட நேர ஓபியாய்டுகள் (ஓபியாய்டு: ஹெராயின், சில வலிமருந்துகள் சேர்ந்த வகை) | 12 முதல் 48 மணி நேரம் | 10 முதல் 20 நாள் | மேலே சொன்னதே |
| கொக்கெயின், மெத்தாம்ஃபெட்டமைன் | 24 மணி நேரத்துக்குள் | சில நாள். சோர்வு பல வாரம் | ஆழ்ந்த மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் |
| கஞ்சா | 1 முதல் 3 நாள் | 1 முதல் 2 வாரம் | உயிராபத்து இல்லை. எரிச்சல், தூக்கமின்மை |

அட்டவணையில் பலரை ஏமாற்றும் வரிசை ஹெராயினுடையது. பார்க்க மிகக் கொடூரமாக இருப்பது அதன் விலகல்தான்: வாந்தி, வயிற்றுப்போக்கு, எலும்பு வலி, புல்லரிப்பு, கால்களை உதறிக்கொண்டே கழியும் இரவு. ஆனால் உடல்நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் அதனால் சாவது அரிது. அமைதியாக உட்கார்ந்து கை நடுங்கும் குடிகாரருக்குத்தான் ஆபத்து அதிகம். சத்தத்தை வைத்து ஆபத்தை அளக்காதீர்கள்.

இரண்டாவது அளவுகோல், முன்பு என்ன நடந்தது. முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருக்கிறதா? குழப்பம் வந்ததா? அளவு மீறி மயங்கியிருக்கிறாரா? ஆம் என்றால் இந்த முறையும் வரும் என்றே திட்டமிட வேண்டும். மதுவில் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் விலகல் முந்தையதைவிடக் கடுமையாகும் போக்கு உண்டு. கூடவே உள்ள நோய்களும் இதில் சேரும்: ஈரல், இதயம், கடும் மனச்சோர்வு, இரண்டு மூன்று பொருட்களைக் கலந்து எடுப்பது. கர்ப்பிணி ஓபியாய்டு எடுப்பவராக இருந்தால் திடீரென நிறுத்தவே கூடாது. அவரை மெத்தடோன் அல்லது புப்ரினார்ஃபினில், அதாவது ஹெராயினுக்குப் பதிலாக மருத்துவர் அளந்து தரும் ஓபியாய்டு மருந்தில், நிலைநிறுத்துவதுதான் மருத்துவ நடைமுறை.

அடுத்தது வீடு. இரவில் கூட இருக்க, போதை எடுக்காத, பதறாத ஒரு ஆள் உண்டா? அந்த வீட்டிலேயே இன்னொருவர் குடிக்கிறாரா? பிறகு, அவருடைய சம்மதம். கடைசியாகச் செலவு. கட்டணத்தை மட்டும் பார்ப்பவர்கள் விடுபட்ட சம்பளத்தையும், தினமும் போய்வரும் நேரத்தையும், திரும்பி வந்தபின் வாசலில் நிற்கும் கடன்காரர்களையும் கணக்கில் எடுப்பதில்லை.

## முதல் முடிவு: எங்கே இறக்குவது?

### வீட்டில், மருத்துவர் இல்லாமல்

கஞ்சாவுக்கு இது பெரும்பாலும் ஒத்துவரும். தூக்கம் கெடும், பசி போகும், சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வரும்; இரண்டு வாரம் பொறுத்தால் தணியும். கொக்கெயின் வகைக்கும், மனச்சோர்வைக் கவனிக்க ஆள் இருந்தால், உடம்பளவில் தாங்கும்.

தினமும் நிறையக் குடித்தவருக்கு இது சூதாட்டம். முதல் நாள் காலையில் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்தால்தான் தண்ணீர் வாய்க்குப் போகும். வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். பெரும்பாலான வலிப்புகள் கடைசியாகக் குடித்ததிலிருந்து 48 மணி நேரத்துக்குள் வரும். 'ரெண்டு நாள் தாண்டிடுச்சு, இனி பயமில்லை' என்று வீட்டார் மூச்சுவிடும் நேரத்தில், 48 முதல் 96 மணி நேரத்துக்குள், டிலீரியம் ட்ரெமென்ஸ் என்ற கடும் சித்தப்பிரமை தொடங்கலாம். போர்வையில் இல்லாத பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். சுவரில் யாரோ நிற்பதாகச் சொல்வார். பெற்ற மகளை யாரென்று கேட்பார். காய்ச்சலும் ரத்த அழுத்தமும் ஏறும். இதைப் பேய் பிடித்ததாகவோ நடிப்பாகவோ நினைத்துக் கட்டிப்போட்ட வீடுகள் உண்டு. சிகிச்சை இல்லாவிட்டால் இது உயிரைக் குடிக்கும்.

பென்சோடயசிபைன் மாத்திரைகளை மாதக்கணக்கில் எடுத்தவர் ஒரே நாளில் தூக்கி எறிவதும் அதே ரகம். அதற்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை சிறு பங்கு, பொதுவாகப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், குறைத்துக்கொண்டே வர வேண்டும். அதுவும் மருத்துவர் கணக்கில்.

இந்த வழியின் மறைவான செலவு, தோற்றால் அது தன்னம்பிக்கையிலிருந்து கழிக்கப்படுவது. தவறான வழியில் முயன்று விழுந்தவர், 'என்னால முடியாது' என்ற முடிவோடு எழுந்திருப்பார்.

### வீட்டில் இருந்தபடி, மருத்துவர் மேற்பார்வையில்

பலரும் கேள்விப்படாத, ஆனால் பலருக்கும் பொருந்தும் நடுவழி இது. முன்பு வலிப்பு வராதவர், கூட ஒரு நம்பகமான ஆள் உள்ளவர், தினமும் மருத்துவரைப் பார்க்க முடிந்தவர் என்றால் மது விலகலை இப்படியே கடக்கலாம். டயஸிபாம் அல்லது க்ளோர்டயசிபாக்சைடு மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்து ஒரு வாரத்துக்குள் முடிப்பார்கள். கூடவே தயாமின், அதாவது பி1 வைட்டமின். நீண்ட நாள் குடித்தவரிடம் அது வற்றியிருக்கும். அந்தக் குறையே மூளையை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியது. அதை ஈடுசெய்யாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது நிலைமையை மோசமாக்கலாம். அதனால்தான் 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் போட்டா தெளிஞ்சிடும்' என்ற பழைய பழக்கத்தைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நிபந்தனை ஒன்றுதான்: மாத்திரைப் பட்டை அவர் கையில் இருக்கக் கூடாது. டயஸிபாமும் மதுவும் ஒரே இரவில் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடலாம்.

### மருத்துவமனையில் அட்மிட்

முன்பு வலிப்போ சித்தப்பிரமையோ வந்தவர், ஈரல், இதய நோயாளி, மதுவும் தூக்க மாத்திரையும் சேர்த்து எடுப்பவர், தற்கொலை பற்றிப் பேசுபவர், வீட்டில் ஆளில்லாதவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். செலவு அதிகம், நாட்கள் குறைவு. உடம்பைப் பொறுத்தவரை இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை.

ஆனால் மருத்துவமனை தருவது அவ்வளவுதான். ஐந்தாம் நாளோ பத்தாம் நாளோ டிஸ்சார்ஜ் ஆகும்போது ரத்தப் பரிசோதனை எல்லாம் நன்றாக இருக்கும், முகம் தெளிந்திருக்கும். வீட்டார் அதைக் குணமானதாக எடுத்துக்கொள்வார்கள். ஹெராயின் எடுத்தவருக்கு அந்த நாளே வாழ்க்கையில் மிக ஆபத்தான நாட்களில் ஒன்று. தாங்குதிறன் இறங்கிவிட்டது, வேட்கையும் நினைவும் அப்படியே இருக்கின்றன. மறுபடி எடுத்தால் பழைய அளவைத்தான் எடுப்பார், அது இப்போது கொல்லும் அளவு. இதே ஆபத்தைச் சிறையிலிருந்து வருபவர்களிடமும் பார்க்கலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைத் தொடர்ந்து 2007ல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு வாரத்தில் போதைப்பொருள் அளவு மீறிச் சாகும் வாய்ப்பு அவர்களுக்கு மற்ற மக்களைவிட 129 மடங்கு இருந்தது.

### மயக்க மருந்து கொடுத்து ஒரே நாளில்

தூங்க வைத்து ஓபியாய்டை முழுவதும் வெளியேற்றிவிடுகிறோம் என்று விளம்பரம் செய்வார்கள். 2005ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் சாதாரண முறையைவிட இதற்குக் கூடுதல் பலன் தெரியவில்லை, கடுமையான பக்கவிளைவுகள்தான் தெரிந்தன. வேண்டாம்.

## இரண்டாவது முடிவு: அடுத்த ஒரு வருடம்

### தினசரி மருந்து: மெத்தடோன், புப்ரினார்ஃபின்

ஓபியாய்டுகளுக்கு மட்டுமான வழி இது. இதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மிக அதிகச் சான்று உள்ள வழியும் இதுதான், வீட்டார் மிக அதிகம் எதிர்க்கும் வழியும் இதுதான்.

2003ல் ஸ்வீடனில் ஒரு சிறிய ஆய்வு வெளிவந்தது. ஹெராயினுக்கு அடிமையான 40 பேர். அனைவருக்கும் கவுன்சலிங் உண்டு. 20 பேருக்குத் தினமும் புப்ரினார்ஃபின். மற்ற 20 பேருக்கு அதே மருந்தை ஆறு நாளில் குறைத்து நிறுத்தி, பிறகு வெறும் போலி மாத்திரை. ஒரு வருடம் கழித்து, மருந்து தொடர்ந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் சிகிச்சையில் இருந்தார்கள். நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர்கூட இல்லை. அவர்களில் நான்கு பேர் இறந்துபோயிருந்தார்கள். பிறகு வந்த பெரிய ஆய்வுகளும் அதையே சொன்னன. 2017ல் பல நாட்டுத் தரவுகளைத் தொகுத்தபோது, மெத்தடோன் சிகிச்சையில் இருக்கும் காலத்தில் மரண விகிதம், அதை விட்டு விலகிய காலத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் இந்த இரண்டு மருந்துகளையும் 2005ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?' என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். உடம்பு மருந்தைச் சார்ந்திருப்பது உண்மை; ஒரு வேளை விட்டால் தெரியும். ஆனால் சரியான அளவில் இருப்பவருக்குத் தலை கிறுகிறுப்பதில்லை, அடுத்த ஊசிக்குக் காசு தேடி ஓடுவதில்லை, வேலைக்குப் போகிறார், பிள்ளையின் பள்ளிக் கூட்டத்துக்குப் போகிறார். சர்க்கரை நோயாளி இன்சுலினைச் சார்ந்திருப்பதை யாரும் அடிமைத்தனம் என்பதில்லை.

இரண்டுக்குள் எது? மெத்தடோனுக்கு, ஆளைச் சிகிச்சையில் பிடித்து நிறுத்தும் வலு அதிகம். அதிக அளவு எடுத்துப் பழகியவர்களுக்குப் பெரும்பாலும் அதுவே உதவும். ஆனால் முதல் சில வாரங்களில் அளவு கூடினால் ஆபத்து. இதயத் துடிப்பின் லயத்தைப் பாதிக்கலாம் என்பதால் ஈ.சி.ஜி. பார்க்க வேண்டியிருக்கும். பல இடங்களில் தினமும் நேரில் போய்க் கண்முன்னே குடிக்க வேண்டும். வேலைக்குப் போகிறவருக்கு அந்தத் தினசரி வரிசைதான் உண்மையான விலை. புப்ரினார்ஃபினில் மூச்சை அடக்கும் தன்மை ஒரு எல்லைக்கு மேல் ஏறாது. அதனால் ஒப்பளவில் பாதுகாப்பு, வீட்டுக்கு எடுத்துச்செல்லவும் எளிது. மது, தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். எது வீட்டில் இருந்தாலும் குழந்தை கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும்.

புப்ரினார்ஃபினைத் தொடங்கும் நேரத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஹெராயின் உடம்பில் இருக்கும்போதே கொடுத்தால் அதைத் தள்ளிவிட்டு இது உட்காரும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முழு விலகலும் ஒன்றாக வந்து விழும். அதனால் ஹெராயின் எடுத்து 12 மணி நேரமாவது போன பிறகு, கொட்டாவி, மூக்கொழுகல், புல்லரிப்பு, விரிந்த கண்மணி எல்லாம் தெரியும்வரை காத்திருந்து, மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வார்கள். மெத்தடோனிலிருந்து மாறுபவர் இன்னும் அதிகம் காத்திருக்க வேண்டும். புப்ரினார்ஃபின் மாத்திரையை விழுங்கினால் பலன் மிகக் குறைவு. முதல் நாள் அவசரப்பட்டு எடுத்து அவதிப்பட்டவர்கள்தான் 'அந்த மருந்து எனக்கு ஒத்துக்கல' என்று பிறகு சொல்வது வழக்கம்.

எத்தனை நாள் எடுப்பது? வருடக்கணக்கில் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்திய முதல் நான்கு வாரம் மரண ஆபத்து மறுபடி ஏறுகிறது. விசேஷம் வருகிறது, ஊருக்குப் போகிறோம் என்று தேதி குறித்து நிறுத்தக் கூடாது.

### தடுப்பு மருந்து: நால்ட்ரெக்சோன்

இது போதையின் வாசலை அடைத்துவிடும். மேலே ஹெராயின் எடுத்தாலும் ஏறாது. எந்தச் சார்பும் உண்டாகாது. அதனால் வீட்டாருக்கு மிகவும் பிடித்த மருந்து. சிக்கல் தொடக்கத்தில். 7 முதல் 10 நாள் எந்த ஓபியாய்டும் இல்லாமல் இருந்தால்தான் கொடுக்க முடியும், பலர் அந்தப் பத்து நாளைத் தாண்டுவதில்லை. 2018ல் வெளியான அமெரிக்க ஒப்பீட்டில், மாத ஊசியான நால்ட்ரெக்சோனுக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 72 சதவீதத்தினரே அதைத் தொடங்க முடிந்தது. புப்ரினார்ஃபினில் 94 சதவீதம். தொடங்கியவர்களிடையே பலன் ஏறத்தாழ சமம். ஆக, ஏற்கெனவே பத்து நாள் சுத்தமாக இருப்பவர், ஓபியாய்டு மருந்து எடுக்க வேலையோ சட்டமோ இடம் தராதவர் ஆகியோருக்கு ஊசி நல்ல தேர்வு. மாத்திரை வடிவம், யாரும் கண்காணிக்காவிட்டால், மூன்றாம் வாரத்தில் அலமாரியில் கிடக்கும். ஊசியை இடையில் விட்டவருக்குத் தாங்குதிறன் துளியும் இருக்காது என்பதையும் மறக்கக் கூடாது.

### மதுவுக்கான மாத்திரைகள்

நால்ட்ரெக்சோன் இங்கேயும் உண்டு. குடியை முழுதும் நிறுத்தாதவரும் தொடங்கலாம், குடிக்கும் அளவு குறையும். ஓபியாய்டு வலிமருந்து எடுப்பவருக்கு ஆகாது. அகாம்ப்ரோசேட், ஏற்கெனவே நிறுத்திவிட்டவர் நிலைத்து நிற்க உதவும்; தினம் மூன்று வேளை, சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும்.

டைசல்ஃபிராம் வேறு மாதிரி. எடுத்தவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு அடித்துக்கொள்ளும். சிலருக்கு ரத்த அழுத்தம் சரிந்துவிடும். இது விளையும் என்று தெரிந்து, தானே ஒப்புக்கொண்டு, இன்னொருவர் கண்முன்னே விழுங்குபவருக்கு மட்டுமே பயன். 'அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று விற்கப்படும் பொடிகளுக்கு இங்கேதான் பதில் சொல்ல வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பொருள் அது. டைசல்ஃபிராமாகவே இருந்தாலும், தெரியாமல் அதற்கு மேல் குடிப்பவர் இதயம் நின்று சாகலாம். பிழைத்தாலும், வீட்டில் யார் கையால் சாப்பிடவும் அவர் இனி பயப்படுவார்.

### தங்கியிருக்கும் மறுவாழ்வு மையம்

இதன் பலம், வியட்நாம் வீரர்களுக்குக் கிடைத்த அந்த இடைவெளியைக் கொஞ்ச நாளுக்குத் தருவது. வீடே போதைக்கூடமாக இருப்பவர், வெளிநோயாளியாகப் பலமுறை முயன்று முடியாதவர், வேலை, இருப்பிடம் எல்லாம் இழந்தவர் ஆகியோருக்கு இதைவிட நல்ல வழி குறைவு. 28 நாள் பேக்கேஜ் என்பது ஆராய்ச்சி தந்த எண்ணிக்கை அல்ல. தங்கியோ வந்துபோயோ, 90 நாளுக்குக் குறைவான சிகிச்சையில் பலன் மட்டுப்பட்டதே என்பது அமெரிக்க தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

மறைவான செலவுகள் இங்கேதான் அதிகம். வேலை போகலாம். குடும்பத்தின் கவனம் 'உள்ளே இருக்கிறான்' என்பதோடு ஓய்ந்துவிடும். ஓபியாய்டு நோயாளியை மருந்தே இல்லாமல் வைத்திருந்து அனுப்பும் மையம், அவரை மிகக் குறைந்த தாங்குதிறனோடு வெளியே விடுகிறது. அடி, சங்கிலி, பட்டினி நடக்கும் இடங்களும் இருக்கின்றன. அவை சிகிச்சைக் கணக்கிலேயே வராது. கட்டாயமாகப் பிடித்து அடைத்து வைக்கும் மையங்களை மூடச் சொல்லி 2012ல் ஐக்கிய நாடுகளின் 12 அமைப்புகள் கூட்டாக அறிக்கை விட்டன.

### கவுன்சலிங், சக உதவிக் குழுக்கள்

எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் அடித்தளம் கவுன்சலிங். கொக்கெயின், மெத்தாம்ஃபெட்டமைன், கஞ்சாவுக்கு நிலைபெற்ற மருந்து இல்லை என்பதால் அங்கே இதுவே முழுச் சிகிச்சை. கொக்கெயின், மெத்தாம்ஃபெட்டமைன் போன்ற ஊக்கப்பொருட்களுக்கு வலுவான சான்று உள்ளது ஒரு எளிய முறைக்கு: சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வரும் ஒவ்வொரு முறையும் சிறு பரிசு அல்லது கூப்பன். கேட்டால் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். 'உடனே கிடைப்பது' என்ற அதே மூளை வழியைத் திருப்பிப் பயன்படுத்துவதால் அது வேலை செய்கிறது.

சக உதவிக் குழுக்களில் மூத்தது 1935ல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். கட்டணம் இல்லை, எத்தனை வருடம் வேண்டுமானாலும் போகலாம், இரவு பதினொரு மணிக்கு வேட்கை எழுந்தால் போன் செய்ய ஒரு ஆள் இருப்பார். 2020ல் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், முழுதும் குடிக்காமல் இருப்பதில் இந்த வழி மற்ற சிகிச்சைகளுக்குக் குறையவில்லை. சிலவற்றில் மேலாகவே இருந்தது. ஆன்மிகச் சாயல் சிலருக்கு ஒட்டாது. அவர்களுக்கு அந்தச் சாயல் இல்லாத ஸ்மார்ட் ரிகவரி போன்ற குழுக்கள் உண்டு. கவனிக்க வேண்டியது, சில கூட்டங்களில் மெத்தடோன், புப்ரினார்ஃபின் எடுப்பவரை 'இன்னும் சுத்தமாகவில்லை' என்று பேசுவார்கள். அந்தப் பேச்சால் மருந்தை விட்டவர் கொடுக்கும் விலை பெரிது. அப்படிப்பட்ட கூட்டத்தை மாற்றுங்கள், மருந்தை மாற்றாதீர்கள்.

## யாருக்கு எது

தினமும் குடிப்பவர், வீட்டில் ஆதரவு உண்டு, முன்பு வலிப்பு இல்லை: மருத்துவர் மேற்பார்வையில் வீட்டிலேயே ஒரு வாரம், பிறகு நால்ட்ரெக்சோன் அல்லது அகாம்ப்ரோசேட், கூடவே குழு. வலிப்பு வந்தவர் என்றால் முதல் வாரம் மருத்துவமனையில், மற்றது அதேதான்.

ஹெராயின் அல்லது ஓபியாய்டு வலிமாத்திரை: நச்சு நீக்கத்தைத் தனி இலக்காக வைக்காதீர்கள். நேராகப் புப்ரினார்ஃபின் அல்லது மெத்தடோனில் நிலைநிறுத்துங்கள். மையத்தில்தான் சேர்க்கிறீர்கள் என்றால் அந்த மருந்தை அங்கே தொடர அனுமதிக்கும் மையமாக இருக்கட்டும்.

தூக்க மாத்திரை: பொறுமைதான் மருந்து, மாதக்கணக்கில். மெத்தாம்ஃபெட்டமைன், கொக்கெயின்: முதல் வாரம் தூங்கவிட்டு, மனநிலையைக் கவனித்து, பிறகு வாரம் இருமுறையாவது கவுன்சலிங். வீட்டில் இருக்க முடியாத சூழல் என்றால் எந்தப் பொருளானாலும் தங்கும் மையம், 90 நாளுக்குக் குறையாமல்.

வரவே மாட்டேன் என்பவர்: தூக்கிக்கொண்டு போய் அடைப்பதற்கு முன், வீட்டார் மட்டும் கவுன்சலரைப் பாருங்கள். எப்போது பேசுவது, எதற்குப் பணம் கொடுக்காமல் இருப்பது, தெளிவாக இருக்கும் நேரத்தை எப்படி இதமாக்குவது என்று குடும்பத்துக்குக் கற்றுத்தரும் முறைகள் இருக்கின்றன. சண்டை போட்டு ஒப்புக்கொள்ள வைப்பதைவிட அவற்றால் சிகிச்சைக்கு வருபவர்கள் அதிகம்.

## பணம் கட்டும் முன்

மையத்திடம் கேளுங்கள்: மருத்துவர் எந்தெந்த நேரம் இருப்பார்? இரவில் வலிப்பு வந்தால் எங்கே கொண்டுபோவீர்கள்? மெத்தடோன், புப்ரினார்ஃபின், மனநல மருந்துகளைத் தொடர விடுவீர்களா? நாங்கள் வந்து பார்க்கலாமா, அவர் போனில் பேசலாமா? வெளியே வந்த மறுவாரம் யாரைப் பார்க்க வேண்டும், தேதி இப்போதே தர முடியுமா? கடைசிக் கேள்விக்குத் தடுமாறும் இடத்தில் நான் பணம் கட்ட மாட்டேன். 'நூறு சதவீதம் குணம்' என்று போர்டு வைத்திருக்கும் இடத்திலும் கட்ட மாட்டேன். போதைப் பழக்கத்தில் மறுபடி விழுபவர்கள் நூற்றுக்கு 40 முதல் 60 பேர் வரை. ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகளில் மருந்தை விட்டு மீண்டும் அவதிப்படுபவர்களும் அந்த அளவில்தான் இருக்கிறார்கள்.

அதனால் விழுந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது, அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் சொல்ல வேண்டும், திட்டு அப்புறம். ஓபியாய்டு எடுத்தவர் உள்ள வீட்டில் நலாக்சோன், அதாவது ஓபியாய்டு அளவு மீறினால் அதை முறிக்கும் மருந்து, இருக்கட்டும். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாகவும் கிடைக்கும். உதடு நீலம் பாய்ந்து, மூச்சு மெதுவாகி, உலுக்கினாலும் எழவில்லை என்றால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அதைக் கொடுங்கள். மூச்சே இல்லையென்றால் செயற்கைச் சுவாசமும் கொடுங்கள். அவர் கண் விழித்து 'எனக்கு ஒண்ணுமில்லை' என்றாலும் ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பாதீர்கள். நலாக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் தீர்ந்துவிடும்; எடுத்த பொருள் அதற்குப் பிறகும் உடம்பில் இருக்கலாம்.